உலரும் கோடு

ரூப்ரீன் என்பது செம்மஞ்சள் நிறப் படிகமாக வளரும் ஒரு கரிமச் சேர்மம். கார்பனும் ஹைட்ரஜனும் தவிர அதில் வேறு தனிமம் கிடையாது. 2004-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வொன்றில் விட்டாலி பொட்சோரொவ், ஜான் ராஜர்ஸ் உள்ளிட்ட குழுவினர் இந்தப் படிகத்தை வைத்து ஓர் அழகான சோதனையைச் செய்தார்கள். சிலிக்கோன் ரப்பரில் செய்த முத்திரைக்கட்டை ஒன்றில் டிரான்சிஸ்டருக்கு வேண்டிய மின்முனைகள் அனைத்தையும் முன்னதாகவே பதித்துக்கொண்டார்கள். அதைப் படிகத்தின் மேல் மெல்ல வைத்தால் தானே ஒட்டிக்கொள்ளும், டிரான்சிஸ்டர் ஆயத்தம். அளந்து முடித்ததும் உரித்தெடுத்து, சற்றுத் திருப்பி, மறுபடி ஒட்டலாம். படிகத்துக்கு ஒரு கீறலும் விழாது. இப்படித் திருப்பித் திருப்பி அளந்ததில், படிகத்தின் ஓர் அச்சு வழியே மின்னூட்டத்தின் நகர்திறன் 15-ஐ எட்டியது. அதற்குச் செங்குத்தான அச்சில் 4-ஐ ஒட்டியே நின்றது.

மூலக்கூறும் படிகமும் மின்முனைகளும் மாறவில்லை. மின்னோட்டம் போகும் திசை மாறியதும் பயன் மூன்றரை மடங்கு குறைந்துவிட்டது. மிகுந்த கவனத்தோடு வளர்த்த ஒற்றைப் படிகத்திலேயே திசைக்கு இத்தனை மதிப்பு என்றால், மையைப் போலப் பூசி உலர்த்தும் மென்படலங்களில் என்ன ஆகும்? அங்கே கோடிக்கணக்கான சிறு படிகங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக் கிடக்கும். அவற்றை நாம் விரும்பும் திசைக்குக் கொண்டுவருவது எப்படி? கடந்த முப்பது ஆண்டுகளாக இந்தத் துறையினரை உறங்கவிடாத கேள்வி இது. புதுப்புது மூலக்கூறுகளைச் சமைத்த வேதியியலாளர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனாலும் பெரிய தாவல்களில் பலவும் நிகழ்ந்த இடம், கரைசல் உலர்ந்து திண்மமாகும் அந்த மெல்லிய விளிம்புதான் என்று கருதுகிறேன்.

நகர்திறன் என்பது எதைக் குறிக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். ஒரு பொருளில் 1 செ.மீ. இடைவெளிக்கு 1 வோல்ட் என்ற அளவில் மின்புலம் இருக்கும்போது, அதிலுள்ள மின்னூட்டம் வினாடிக்கு எத்தனை செ.மீ. நகர்கிறது என்பதே அந்த எண். அதன் அலகு சதுர செ.மீ./வோல்ட்-வினாடி, இனி எண்ணை மட்டும் சொல்லிக்கொண்டு போகிறேன். ஒற்றைப் படிகச் சிலிக்கானில் எலக்ட்ரானுக்கு இது சுமார் 1400. எல்.சி.டி. திரைகளில் நெடுங்காலம் பயன்பட்டுவரும் உருவமற்ற சிலிக்கானில் 0.5 முதல் 1 வரை. அதற்குப் பின் வந்த இண்டியம்-காலியம்-துத்தநாக ஆக்சைடில் 10-ஐ ஒட்டி. கரிமப் பொருள்களுக்கு உண்மையான போட்டி இந்தக் கடைசி இரண்டோடுதான். செல்பேசியின் ஓ.எல்.இ.டி. திரையில் ஒளிர்வது கரிம மூலக்கூறுகள் என்பதால், அதை இயக்கும் டிரான்சிஸ்டரும் கரிமமே என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை; அந்த வேலையைச் சிலிக்கானோ ஆக்சைடோதான் செய்கிறது.

டிரான்சிஸ்டரின் அமைப்பு எளிது. மூலம், வடிகால் என்று இரண்டு உலோக முனைகள். இடையே குறைகடத்திப் படலம். அதிலிருந்து மின்காப்பு அடுக்கு ஒன்றால் பிரிக்கப்பட்ட மூன்றாவது முனை, வாயில். வாயிலுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் குறைகடத்தியில் மின்னூட்டங்கள் திரண்டு மின்காப்பை ஒட்டி நிற்கும். அந்த ஒடுங்கிய வழியாகவே மூலத்திலிருந்து வடிகாலுக்கு மின்னோட்டம் ஓடும். எவ்வளவு ஒடுங்கிய வழி? படலம் 50 நானோமீட்டர் தடிப்பு இருந்தாலும் மின்னோட்டத்தைச் சுமப்பவை மின்காப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஓரிரண்டு மூலக்கூறு அடுக்குகள்தாம். மேலே எத்தனை நேர்த்தியாக அடுக்கியிருந்தாலும் இந்த அடித்தட்டில் ஒழுங்கு இல்லையென்றால் பயனில்லை.

1986-இல் ஜப்பானின் மிட்சுபிஷி எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த சுமுராவும் அவருடைய சகாக்களும் பாலிதயோஃபீன் என்ற பாலிமரால் டிரான்சிஸ்டர் செய்து காட்டினார்கள். அதன் நகர்திறன் 1-இல் லட்சத்தில் ஒரு பங்கு. மூலத்துக்கும் வடிகாலுக்கும் இடையே 10 மைக்ரோமீட்டர் தூரம், 10 வோல்ட் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், ஒரு மின்னூட்டம் அந்தத் தூரத்தைக் கடக்க நூற்றில் ஒரு வினாடி ஆகும். நகர்திறன் 1 ஆக இருந்தால் அதே தூரத்தைக் கோடியில் ஒரு வினாடியில் கடந்துவிடும். இந்த லட்சம் மடங்கு இடைவெளியை நிரப்பிய கதையில் திசையொழுங்குக்குப் பெரும் பங்கு உண்டு.

சிலிக்கான் படிகத்தில் ஒவ்வோர் அணுவும் நான்கு அண்டை அணுக்களோடு வலுவான பிணைப்பால் கட்டுண்டிருக்கிறது. எலக்ட்ரானுக்கு எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரியான வழி. கரிமப் படிகத்தில் அந்த வசதி கிடையாது. ஒரு மூலக்கூறுக்குள்ளே பிணைப்புகள் வலுவானவை. ஆனால் மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் நடுவே இருப்பது வான் டெர் வால்ஸ் விசை என்னும் மெலிந்த ஈர்ப்பு மட்டுமே. பென்சீன் வளையங்களின் மேலும் கீழும் பரவியிருக்கும் பை எலக்ட்ரான் மேகங்கள் ஒன்றோடொன்று மேற்பொருந்தினால்தான் மின்னூட்டம் ஒரு மூலக்கூறிலிருந்து அடுத்ததற்குத் தாண்ட முடியும். தட்டையான வளையங்கள் முகத்தோடு முகம் 3.3 முதல் 3.8 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் இருக்கும்போது இந்தப் பொருத்தம் கிடைக்கிறது. ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. தொலைவு கூடக்கூடத் தாண்டும் வாய்ப்பு மளமளவென்று சரியும். விளிம்போடு விளிம்பு தொடும் திசையில் பொருத்தம் மிகவும் குறைவு. கரைய உதவுவதற்காக மூலக்கூறில் தொங்கவிட்ட கொழுப்புச் சங்கிலிகள் இருக்கும் பக்கம் கிட்டத்தட்டச் சுவர்தான்.

இதை ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டியது 1999-இல் 'நேச்சர்' இதழில் வந்த கேம்பிரிட்ஜ் குழுவின் கட்டுரை. ஹென்னிங் சிர்ரிங்ஹவுஸ், ரிச்சர்ட் ஃபிரெண்ட் ஆகியோரும் சகாக்களும் எடுத்துக்கொண்ட பாலிமர் பி3எச்டி. தயோஃபீன் வளையங்கள் முதுகெலும்பாக நீள, ஒவ்வொரு வளையத்திலிருந்தும் ஆறு கார்பன் கொண்ட சங்கிலி ஒன்று தொங்கும். இந்தச் சங்கிலிகள் ஒரே ஒழுங்கில் அமைந்த பாலிமரைப் பூசியபோது, வளையங்கள் தரையில் செங்குத்தாக, அலமாரியில் வரிசையாக நிறுத்திய புத்தகங்களைப் போல் நின்றன. சங்கிலி ஒழுங்கு குறைந்த பாலிமரிலோ வளையங்கள் தரையில் மல்லாந்து படுத்தன. நின்ற படலத்தின் நகர்திறன் 0.1 வரை போயிற்று. படுத்த படலத்தில் 0.0002. நூறு மடங்குக்கும் மேலான வேறுபாடு! நின்றால், முகத்தோடு முகம் பார்க்கும் திசை படலத்தின் தளத்திலேயே அமைகிறது. மூலத்திலிருந்து வடிகாலுக்கு மின்னூட்டம் அப்படியே தாண்டித் தாண்டிப் போகலாம். படுத்தால் அந்த நல்ல திசை மேல்நோக்கிப் போய்விடுகிறது. சூரிய மின்கலத்தில் மின்னோட்டம் மேலும் கீழுமாகத்தான் ஓட வேண்டும், ஆகவே அங்கே படுத்துக் கிடப்பதே நல்லது. எந்தக் கருவிக்கு என்பதைச் சொல்லாமல் நல்ல அடுக்கு, கெட்ட அடுக்கு என்று பேச முடியாது.

நிற்கிறதா, படுத்திருக்கிறதா என்பது ஒரு கேள்வி. நிற்பவை எல்லாம் ஒரே பக்கம் பார்க்கின்றனவா என்பது இன்னொன்று. முதலாவதை அடைவது ஓரளவு எளிது. மூலக்கூறின் வடிவமும் தரையின் தன்மையும் சேர்ந்தே பெரும்பாலும் முடிவுசெய்துவிடும். பென்டசீனைப் பாருங்கள். ஐந்து பென்சீன் வளையங்கள் நேர்கோட்டில் ஒட்டிய குச்சி போன்ற மூலக்கூறு. வெற்றிடத்தில் ஆவியாக்கிச் சிலிக்கான் ஆக்சைடின் மேல் படியவிட்டால் அது ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். ஓர் அடுக்கின் உயரம் 15.4 ஆங்ஸ்ட்ராம். அதையே தூய தங்கத்தின் மேல் படியவிட்டால் படுத்துக்கொள்ளும். ஆக்சைடின் மேல் நீண்ட கார்பன் சங்கிலிகளாலான ஒற்றை மூலக்கூறு அடுக்கு ஒன்றை முதலில் ஒட்டவைத்துவிட்டால், மின்னூட்டங்களைப் பிடித்துவைக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் மூடப்படுகின்றன. மேலே வளரும் படிகமும் சீராகிறது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஜாக்சனின் குழு 1990-களின் பிற்பகுதியில் இப்படித்தான் 1.5 என்ற எண்ணை எட்டியது. உருவமற்ற சிலிக்கானைக் கரிமப் படலம் தாண்டிய தருணம் அது.

ஆனாலும் அந்தப் படலம் சின்னஞ்சிறு மணிகளின் தொகுப்புதான். ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒழுங்கு உண்டு. பக்கத்து மணி வேறு பக்கம் திரும்பியிருக்கும். இரண்டும் சந்திக்கும் எல்லையில் மின்னூட்டம் தடுக்கி நிற்கும். மணிகள் எல்லாம் ஒரே திசை பார்த்தால் எல்லையின் இடையூறு குறையும். எல்லைகளே மின்னோட்டத்துக்கு இணையாக ஓடினால் அவை குறுக்கிடவே மாட்டா. ஆவியாகப் படியவைக்கும் முறையில் இதைச் செய்வது கடினம், ஏனென்றால் மேலிருந்து மழையாக விழும் மூலக்கூறுகளுக்குத் தளத்தில் எந்தத் திசையும் உயர்ந்ததில்லை. பூசும் கரைசலுக்கு இந்தக் குறை இல்லை. அது ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போகிறது.

பென்டசீன் எளிதில் கரையாது. கென்டக்கி பல்கலைக்கழகத்தின் ஜான் ஆந்தனி 2001-இல் அதன் நடு வளையத்தில் இரண்டு பருத்த சிலிக்கான் தொகுதிகளை இணைத்து, கரையக்கூடிய டிப்ஸ்-பென்டசீனை உருவாக்கினார். வெறும் பென்டசீன் மூலக்கூறுகள் மீன்முள் அமைப்பில் ஒன்றுக்கொன்று சாய்வாக அடுக்கிக்கொள்ளும். இந்தப் பருத்த தொகுதிகள் சாய்வதைத் தடுத்ததால், புதிய மூலக்கூறுகள் செங்கல் சுவர்போல முகத்தோடு முகம் படியும்படி அடுக்கிக்கொண்டன. அடுத்த பத்தாண்டுகளில் இந்தத் துறையின் ஆய்வுக்கூடங்களில் அதிகம் கையாளப்பட்ட பொருள்களில் ஒன்றாக இது ஆனது.

கரைசலைத் தகட்டின் மேல் ஒரு சொட்டாக விட்டு உலரவிட்டால் என்ன நடக்கும்? சொட்டின் ஓரம் மெல்லியது. அங்கேதான் கரைப்பான் வேகமாக ஆவியாகிறது. இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் ஓரத்துக்கு ஓடுகிறது, கரைந்திருக்கும் பொருளையும் இழுத்துக்கொண்டே. ஓரத்தில் தடித்த வளையம், நடுவே மெலிந்த படலம். படிகங்கள் ஓரத்திலிருந்து மையத்தை நோக்கி ஆரங்களாக வளர்கின்றன. அதாவது, படிகம் எந்தத் திசையில் வளர வேண்டும் என்பதை உலரும் கோடு எந்தத் திசையில் நகர்கிறது என்பதே தீர்மானிக்கிறது. தகட்டை அதிவேகமாகச் சுழற்றிப் பூசும் முறையில் கோடே இருப்பதில்லை. படலம் முழுவதும் சில வினாடிகளில் ஒருசேர உலர்ந்து, எங்கெங்கோ கருக்கள் தோன்றி, எல்லாப் பக்கமும் பரவுகின்றன.

உலரும் கோட்டை ஒரே திசையில், சீரான வேகத்தில் நகர்த்தினால் என்ன? ஸ்டான்ஃபோர்டில் ஷெனான் பாவோவின் குழு 2008-இல் வெளியிட்ட முறை இதுதான். சூடாக்கிய தகட்டின் மேல் சிறிது கரைசல். அதன் மேல் சற்றே சாய்ந்த ஒரு பிளேடு, தகட்டைத் தொடாமல் ஒரு மயிரிழை இடைவெளியில். பிளேடை மெதுவாக இழுக்கும்போது அதன் பின்விளிம்பில் திரவம் வளைந்து தகட்டைத் தொடும் இடத்தில் ஒரு கோடு உருவாகிறது. கரைப்பான் அந்தக் கோட்டில் ஆவியாகிறது, செறிவு உச்சத்துக்குப் போகிறது, படிகம் பிறக்கிறது. பிளேடு நகர, கோடு நகர, ஏற்கெனவே பிறந்த படிகம் அதைத் துரத்திக்கொண்டே நீள்கிறது.

வேகம் இங்கே எல்லாவற்றையும் ஆள்கிறது. மெதுவாக இழுத்தால் கரைப்பான் கோட்டிலேயே ஆவியாகிவிடும். வேகத்தைக் கூட்டக்கூடப் படலம் மெலியும், ஏனென்றால் ஒவ்வோர் இடத்திலும் பொருள் படிவதற்குக் கிடைக்கும் நேரம் குறைகிறது. ஒரு வரம்பைத் தாண்டினால் நிலைமை தலைகீழாகும். பிளேடு ஈரப் படலம் ஒன்றைப் பின்னால் இழுத்து விட்டுச்செல்லும். வேகம் கூடினால் அந்தப் படலம் தடிக்கும். பிளேடு போன பிறகு அது தன் போக்கில் உலரும். உலரும் கோடு பிளேடின் கட்டுப்பாட்டில் இல்லாமல் போகிறது, திசையும் கலைகிறது. இரண்டு நிலைகளுக்கும் நடுவே இருக்கும் ஒடுங்கிய வரம்பில்தான் நல்ல படலங்கள் கிடைக்கின்றன. தகட்டின் சூடு, கரைப்பானின் கொதிநிலை, கரைசலின் செறிவு, பரப்பின் ஈர்ப்பு ஆகிய எதை மாற்றினாலும் அந்த வரம்பும் நகர்ந்துவிடும். பூச்சுக் கலையில் தேர்ந்தவர்களுக்கு நான் கொடுக்கும் மதிப்பு இதனால்தான் கூடிக்கொண்டே போகிறது.

2011-இல் அதே குழு யாரும் எதிர்பார்க்காத ஒன்றைக் கண்டது. பிளேடின் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டியபோது டிப்ஸ்-பென்டசீன் மூலக்கூறுகளின் அடுக்கே மாறியது. முகத்துக்கும் முகத்துக்கும் இடையிலிருந்த 3.33 ஆங்ஸ்ட்ராம் தொலைவு 3.08-க்குச் சுருங்கியது. நகர்திறன் 0.8-இலிருந்து 4.6-க்கு ஏறியது. சாதாரணமாக வளரும் படிகத்துக்கு இந்த நெருக்கம் கிடைக்காது; சமநிலையை அடையுமுன் கரைப்பான் போய்விடுவதால் மூலக்கூறுகள் நெருக்குண்ட நிலையிலேயே உறைந்து நின்றன. கால் ஆங்ஸ்ட்ராம் நெருக்கத்துக்கு ஆறு மடங்கு பலன். புதிய மூலக்கூறு ஒன்றைக்கூடத் தயாரிக்காமல், உலரும் விதத்தை மாற்றி மட்டுமே பெற்ற ஏற்றம் இது. வேகத்தை மேலும் கூட்டியபோது படிகங்கள் சிதறிப்போய் எண்ணும் இறங்கியது.

அந்த முறையிலும் ஒரு குறை எஞ்சியிருந்தது. படிகம் வளரும்போது தன் முன்னாலிருக்கும் கரைசலிலிருந்து பொருளை எடுத்துக்கொண்டே போகிறது. முன்னால் செறிவு குறைந்தால் படிக முனை கிளைவிட்டுப் பிரியும். கிளைகளுக்கு நடுவே வெற்றிடங்கள் விழும். அப்போது பாவோவின் ஆய்வுக்கூடத்தில் இருந்த யிங் தியாவ், 2013-இல் இதற்குக் கண்ட தீர்வை என்னால் வியக்காமல் இருக்க முடியவில்லை. பிளேடின் அடிப்பரப்பில் மைக்ரோமீட்டர் அளவில் நுண்தூண்களை வரிசையாகச் செதுக்கினார். கரைசல் தூண்களைச் சுற்றி வளைந்து ஓடும்போது பக்கவாட்டுச் சுழல்கள் உண்டாகி, பொருள் குறைந்த இடத்துக்குப் புதிய கரைசலைக் கொண்டுசேர்த்தன. கருக்கள் கண்டபடி தோன்றாமலிருக்கத் தகட்டின் பரப்பிலும் முக்கோண வடிவங்களை அமைத்தார். ஒடுங்கிய முனையில் தொடங்கிய படிகம் மட்டும் விரிந்து வளர்ந்தது. ஒரு மில்லிமீட்டர் அகலம், ஒரு சென்டிமீட்டர் நீளம் என்ற அளவில் ஒரே படிகமாக நின்ற பட்டைகள் கிடைத்தன. சராசரி நகர்திறன் 8.1, உச்சம் 11.

பிளேடே இல்லாமலும் கோட்டை ஆளலாம் என்று காட்டியது ஜப்பானின் சுகுபா நகரிலுள்ள குழு. தத்சுவோ ஹசெகாவாவும் சகாக்களும் 2011-இல் இரண்டு இங்க்ஜெட் முனைகளைப் பயன்படுத்தினார்கள். முதல் முனை, குறைகடத்தியைக் கரைக்காத ஒரு திரவத்தைச் சிறு குட்டையாக அச்சிடும். இரண்டாவது முனை, ஹிரோஷிமாவில் கசுவோ தகிமியாவின் குழு கண்டுபிடித்த சி8-பிடிபிடி என்ற மூலக்கூறின் கரைசலை அதே குட்டையில் விடும். பிடிக்காத திரவத்தில் விழுந்த மூலக்கூறுகள் உடனே பிரிந்து, குட்டையின் மேற்பரப்பில் மென்படிகமாக மிதக்கத் தொடங்கும். குட்டையின் ஒரு முனையைக் கழுத்துபோல ஒடுக்கி வரைந்தால் கரு அங்கேயே பிறந்து மறுமுனைக்குப் பரவும். சராசரி 16, உச்சம் 31.

பாலிமர்களுக்கு வழி வேறு. நீண்ட சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் அவை எளிதில் படிகமாகா. ஆனால் சங்கிலியை ஒரு பக்கம் சீவிவிட முடியும். இதற்கான பழைய உத்தி எல்.சி.டி. தொழிலிலிருந்து வந்தது. திரவப் படிகத்தைத் தொடும் பரப்பை ஒரே திசையில் தேய்த்துவிட்டால் மூலக்கூறுகள் தேய்த்த திசையில் படுக்கும் என்பது 1911-இலேயே பிரான்சில் தெரிந்திருந்தது. எல்.சி.டி. ஆலைகளில் வெல்வெட் துணி சுற்றிய உருளைகள் பாலிஇமைடு பூசிய கண்ணாடியை இதே காரணத்துக்காகத்தான் தேய்த்தன. சிர்ரிங்ஹவுஸ் 2000-இல் அதே தேய்த்த பரப்பின் மேல் எஃப்8டி2 என்ற பாலிமரைப் பூசி, அது திரவப் படிக நிலைக்குப் போகும்வரை சூடாக்கி, சட்டென்று குளிர்வித்தார். சங்கிலிகள் தேய்த்த திசையில் உறைந்தன. அந்தத் திசையில் கிடைத்த நகர்திறன் குறுக்குத் திசையைவிட 5 முதல் 8 மடங்கு. சாண்டா பார்பராவில் ஆலன் ஹீகர், கில்லர்மோ பசான் ஆகியோரின் குழு வைரத்தூள் ஒட்டிய தாளால் தகட்டைத் தேய்த்து நானோமீட்டர் ஆழத்தில் பள்ளங்கள் உண்டாக்கி, அவற்றின் வழியே பாலிமரை மெதுவாக உலரவிட்டது. ஜப்பானின் கியூஷூ தொழில்நுட்பக் கழகத்தில் ஷியாம் சுதிர் பாண்டே முதலானோர் தகட்டையே தவிர்த்து, பிசுபிசுப்பான திரவத்தின் மேல் பாலிமர்க் கரைசலை ஒரு பக்கமாகப் பரவவிட்டு, மிதக்கும் படலத்தைத் தகட்டுக்கு மாற்றுகிறார்கள். அங்கே சங்கிலிகள் பரவும் திசைக்குக் குறுக்காக அடுக்கிக்கொள்கின்றன.

திரவப் படிகம் என்றதும் பெங்களூரு நினைவுக்கு வராமல் இருக்காது. 1977-இல் ராமன் ஆய்வுக் கழகத்தில் எஸ். சந்திரசேகரும் சகாக்களும் தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று கண்டார்கள். அதுவரை குச்சி வடிவ மூலக்கூறுகளுக்கு மட்டுமே அந்தக் குணம் உண்டு என்று எண்ணப்பட்டது. தட்டுகள் தூண்களாக அடுக்கிக்கொள்கின்றன. ஒவ்வொரு தூணும் முகத்தோடு முகம் பார்க்கும் வளையங்களின் நெடுவரிசை. 1994-இல் ஜெர்மனியின் பைரூத் நகர ஆய்வாளர்கள், இத்தகைய தூண்கள் வழியே மின்னூட்டம் 0.1 என்ற நகர்திறனில் ஓடுவதைக் காட்டினார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய எண். தூண்களை மூலத்திலிருந்து வடிகால் வரை படுக்கவைப்பதற்கும் உலரும் கோடே பயன்பட்டது.

படலம் உண்மையிலேயே திசைபெற்றிருக்கிறதா என்று அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரண்டு தளவிளைவாக்கிகளுக்கு நடுவே படலத்தை நுண்ணோக்கியில் வைத்துத் திருப்ப வேண்டும். மூலக்கூறுகள் எல்லாம் ஒரே திசையில் இருந்தால் படலம் முழுவதும் ஒரே நேரத்தில் இருண்டு, 45 பாகை திருப்பியதும் ஒரே நேரத்தில் ஒளிரும். ஆளுக்கொரு திசையில் இருந்தால் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருளும். மூலக்கூறு நிற்கிறதா படுத்திருக்கிறதா, தொலைவு எத்தனை ஆங்ஸ்ட்ராம் என்பதற்குத்தான் எக்ஸ் கதிர் வேண்டும். அதுவும் படலத்தைத் தழுவினாற்போல் மிகச் சாய்ந்த கோணத்தில் பாய வேண்டும்.

இனி இந்தத் துறையின் நெருடலான பக்கம். 2010-களில் நகர்திறன் எண்கள் மளமளவென்று ஏறின. 20, 30, 40 என்று கட்டுரைகள் வந்துகொண்டே இருந்தன. வாயில் மின்னழுத்தத்தோடு மின்னோட்டம் எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதிலிருந்துதான் நகர்திறனைக் கணக்கிடுகிறார்கள். ஆனால் உலோக முனைக்கும் படலத்துக்கும் இடையே உள்ள தடையும் வாயில் மின்னழுத்தத்தைப் பொறுத்து மாறக்கூடியது. அந்தத் தடை ஒரு கட்டத்தில் திடீரென்று தளர்ந்தால் மின்னோட்டம் குதிக்கும்; சரிவு செங்குத்தாகத் தெரியும்; மின்னூட்டம் வேகமாக ஓடாமலேயே நகர்திறன் உயர்ந்ததுபோல் கணக்கில் வரும். 2016-இல் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணயக் கழகத்தைச் சேர்ந்தவர்களும் சகாக்களும் இதை விளக்கினார்கள். உண்மையைவிடப் பத்து மடங்குவரை மிகைப்பட வாய்ப்புண்டு என்றார்கள். அதன் பிறகு பழைய பெரிய எண்கள் பலவற்றையும் துறையினர் எச்சரிக்கையோடு படிக்கிறார்கள். நான் மேலே சொன்னவற்றிலும் 10-ஐத் தாண்டியவற்றை அந்த எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்வதே முறை. உச்ச எண்ணைவிடச் சராசரியும் சிதறலும் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. திரையில் லட்சக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஒரே மாதிரி இயங்க வேண்டும். அவற்றில் ஒன்று மட்டும் அபாரமாக இருப்பதால் பயனில்லை.

திசையொழுங்கு விலை கேட்காத வரமும் இல்லை. ஒரு பக்கம் நன்றாகவும் குறுக்கே மோசமாகவும் கடத்தும் படலத்தில், மின்சுற்றை வரைபவர் எல்லா டிரான்சிஸ்டரையும் ஒரே திசையில் வைக்க வேண்டியிருக்கும். இந்தக் கட்டாயத்திலிருந்து விடுபடும் வழியையும் ஒரு பாலிமர் காட்டியது. 2014-இல் கேம்பிரிட்ஜின் தீபக் வெங்கடேஸ்வரன், சிர்ரிங்ஹவுஸ் முதலானோர் ஆராய்ந்த ஐடிடி-பிடி என்ற பாலிமர், எக்ஸ் கதிரில் பார்த்தால் ஏறக்குறைய உருவமற்றது. அப்படியிருந்தும் நகர்திறன் 1-ஐத் தாண்டுகிறது. அதன் முதுகெலும்பு முறுக்கிக்கொள்ளாமல் தட்டையாகவே நீள்வதால், மின்னூட்டம் சங்கிலி வழியே வெகுதூரம் ஓடி, அங்கங்கே அடுத்த சங்கிலிக்குத் தாவினால் போதும். படலம் முழுவதும் ஒழுங்காக இருக்க வேண்டியதில்லை. மின்னூட்டம் பயன்படுத்தும் வழி தடைப்படாமல் இருந்தால் சரி.

ஒற்றைப் படிகத்தில்கூட ஒரு தடை மீந்துவிடுகிறது. மெலிந்த விசையால் நிற்கும் மூலக்கூறுகள் அறை வெப்பநிலையில் ஓயாமல் அதிர்கின்றன. நீளவாட்டில் ஆங்ஸ்ட்ராமில் பத்தில் ஒரு பங்கு சறுக்கினாலே பை மேகங்களின் பொருத்தம் பெருமளவு மாறிவிடும். அலெசாந்த்ரோ த்ரோய்சியும் ஜியோர்ஜியோ ஒர்லாந்தியும் 2006-இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, இந்த ஆட்டமே மின்னூட்டத்தைச் சில மூலக்கூறுகளுக்குள் தற்காலிகமாக அடைத்துவைக்கிறது. தரையைத் தேய்த்தோ பிளேடை இழுத்தோ இதைச் சரிசெய்ய முடியாது. டோக்கியோவில் தொஷிஹிரோ ஒகமொதோவும் ஜுன் தகேயாவும் நேர்க்குச்சி வடிவத்தைக் கைவிட்டு, நடுவே வளைந்த மூலக்கூறுகளை வடிவமைத்தது இதனால்தான். வளைவுகள் ஒன்றோடொன்று கொளுவிக்கொண்டால் நீளவாட்டில் சறுக்க இடம் குறைவு. அவற்றையும் அவர்கள் கரைசலாக்கி, சூடான தகட்டின் மேல் ஒரு பக்கமாக நகரும் விளிம்பிலிருந்தே, சில மூலக்கூறுகள் தடிப்புள்ள ஒற்றைப் படிகப் படலமாக வளர்க்கிறார்கள்.